சாம்பியனை நிறுத்தினவள்

போடி பஜாரில் எங்கள் ஏலக்காய்க் கடைக்கு முதல் தடவையாக வருகிற யாரும் என்னை ஏற இறங்க ஒருமுறை பார்க்காமல் போனதில்லை. அழகைப் பார்க்கிறார்கள் என்று நம்புகிற வயதை நான் தாண்டியாயிற்று. ‘இவள்தானா அவள்?’ என்கிற பார்வை அது. என் புருஷன் சுந்தர்ராஜ் மூன்று வருஷம் தொடர்ந்து மாநில ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன். ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. அப்படிப்பட்டவரைக் கல்யாணம் என்கிற கயிற்றால் கட்டி இழுத்து வந்து கல்லாவில் உட்கார வைத்தவள் நான் என்பது ஊரின் தீர்ப்பு. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று நானும் விட்டுவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். அவர் பதினெட்டு வயதில் மெட்ராஸில் இருந்த சித்தப்பாவின் ஏலக்காய்க் கிட்டங்கிக்கு வேலைக்குப் போனார். மூட்டை தூக்கித் தூக்கி உடம்பு இறுகியது. ராயபுரம் பக்கம் ஒரு குத்துச்சண்டைக் கழகத்தில் சேர்ந்தார். அறுபத்தாறு, அறுபத்தேழு, அறுபத்தெட்டு மூன்று வருஷமும் பட்டம் அவருக்குத்தான். அறுபத்தெட்டு டிசம்பரில் எங்கள் சபையில் எங்கள் இருவருக்கும் கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசித்து, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். மூன்றாம் ஓலை முடிகிற வரைக்கும் மாப்பிள்ளை உடம்பில் ஒரு கீறல் படக் கூடாது என்பது எங்கள் வீடுகளின் வழக்கம். முகச்சவரத்துக்குக்கூட ஆள் வந்துதான் செய்துவிட வேண்டும். இரண்டாம் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும் நடுவில் இவர் ‘இனி மேடை ஏற மாட்டேன்’ என்று அறிவித்துவிட்டார். இருபத்தெட்டு வயது. ஓலையையும் ஓய்வையும் சேர்த்து முடிச்சுப் போட ஊருக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

நான் ‘நிறுத்துங்கள்’ என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன் அவரோடு நான் பேசினதே இரண்டு தடவைதான். ஒரு தடவை மழையைப் பற்றி, இன்னொரு தடவை என் அண்ணன் எங்கே போனார் என்பதைப் பற்றி.

இவர் விட்டுப் போன பட்டத்தைப் பிடித்தவன் கெங்குவார்பட்டி முத்துவீரன். இவருடைய கழகத்திலேயே சண்டை பழகியவன். ஐந்து வருஷம் பட்டத்தை வைத்திருந்தான். அதற்குப் பிறகும் விடாமல் மேடை ஏறி, கடைசியில் ஒரு காலேஜ் பையன் கையால் அடிபட்டு, எண்ணி முடிக்கிற வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். எங்கள் பக்கத்து ஜனங்களின் நியாயத்தைக் கேளுங்கள். மூன்று பட்டம் வாங்கியவர் ‘தோற்காத சாம்பியன்’. ஐந்து பட்டம் வாங்கியவன் ‘அந்த விழுந்தவன்’.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆவணியில் சீனிச்சாமி எங்கள் கடைக்கு வந்தார். தேனி விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். வாயைத் திறந்தால் பந்தல் போட்டு ஒலிபெருக்கி கட்டிவிடுகிற ஆள்.

“அண்ணாச்சி, மூணே ரவுண்டு. சும்மா காட்சிப் போட்டி. நீங்களும் முத்துவீரனும். ஜெயிச்சவுக தோத்தவுகன்னு ஒண்ணும் கிடையாது. தேனி சந்தைத் திடல்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம். கம்பத்துலயிருந்து பெரியகுளம் வரைக்கும் சனம் கூடிரும்.”

பத்து வருஷமாக இப்படி யார் வந்து கேட்டாலும் என் புருஷன் சிரித்துக்கொண்டே காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். அன்றைக்குக் காப்பி சொல்லவில்லை.

“சரி, வச்சிருவோம்” என்றார்.

முறத்தில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. யோசிக்கவே யோசிக்காத ‘சரி’ அது. எனக்கு அப்பா சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. கேட்ட உடனே விலைக்கு ஒத்துக்கொள்கிறவனின் மூட்டையை அடிவரை கொட்டிப் பார்க்க வேண்டும். நான் புருஷனையும் அப்படித்தான் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சீனிச்சாமி போன பிறகு, எங்கள் கடையில் காய் பொறுக்குகிற மொக்கம்மாள் என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து காதைக் கடித்தாள்.

“ஏந்தாயி, இந்த வாட்டியாச்சும் அய்யாவை விட்டீகளே. புண்ணியமாப் போகும்.”

“நான் எப்ப புடிச்சு வச்சேன்?”

“அய்யோ, எனக்கு எதுக்கு வம்பு. ஊருல பேசிக்கிறாக, அம்புட்டுத்தேன்.”

மூன்று நாள் கழித்துச் சீனிச்சாமி நோட்டீஸ் அடிப்பதற்காகப் பழைய பேப்பர் துண்டுகளை எடுத்துக்கொண்டு வந்தார். இவர் வங்கிக்குப் போயிருந்தார். படம் எது நன்றாக இருக்கிறது என்று என்னிடம் காட்டினார். மஞ்சளாகிப்போன துண்டு ஒன்றில் என் பெயர் இருந்தது. வாங்கிப் படித்தேன். ‘வருங்கால மனைவி சுகிர்தத்தின் விருப்பத்திற்கு இணங்க இத்துடன் ஓய்வு பெறுகிறேன். அவர் கேட்டு நான் மறுக்க இயலாது என்று நமது நிருபரிடம் சாம்பியன் தெரிவித்தார்.’

“என்ன மதினி, மொகம் மாறிப்போச்சு?” என்றார் சீனிச்சாமி.

“ஒண்ணுமில்ல. படம் நல்லாயிருக்கு” என்றேன்.

உள்ளே கொதித்தது. இத்தனை வருஷமும் ஊர்தான் கட்டிவிட்ட கதை என்று நினைத்திருந்தேன். மூலம் என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். என் பெயரை விற்று இவர் எதை வாங்கினார்? கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது பத்து வருஷம் ஓடியிருக்கிறதே, எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருக்க வேண்டும்!

எனக்கு முதலில் வந்த சந்தேகம் பயம்தான். முத்துவீரன் அப்போது வளர்ந்துகொண்டிருந்த பையன். இவரைவிட ஐந்து வயது சின்னவன். அறுபத்தொன்பது போட்டியில் அவனோடுதான் மோத வேண்டியிருந்திருக்கும். பயந்து ஓடிவிட்டு, ஓட்டத்துக்கு என் முந்தானையை மறைவாகப் பிடித்துக்கொண்டாரோ? அப்படியானால் இப்போது ஏன் சரி என்றார்? அவன் விழுந்தவன் ஆகிவிட்டான் என்கிற தைரியமா? இதை நினைத்தபோது எனக்கே என் புருஷனைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை, பெரியகுளத்தில் என் பெரியம்மா மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பெரியகுளத்தில் இறங்கவில்லை. நேராகக் கெங்குவார்பட்டி.

முத்துவீரன் வீட்டு வாசலில் தென்னை மட்டையை வெட்டிக்கொண்டிருந்தான். ஆள் இன்னும் கல்தூண் மாதிரிதான் இருந்தான். மூக்கு மட்டும் இரண்டு இடத்தில் வளைந்திருந்தது. நான் யார் என்று சொன்னதும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டான். அவன் பெண்சாதி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. “எங்க வீட்டுக்காரக உங்களுக்குப் பயந்துதான் விட்டாகளா?” என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

“எனக்கா? அண்ணனா? நல்லாக் கேட்டீக. பழகுறப்ப என்னை எத்தனை வாட்டி உக்கார வச்சிருக்காரு தெரியுமா. அவர் இடது கை வர்றது கண்ணுக்கே தெரியாது. பயந்ததெல்லாம் நான்தேன்.”

“அப்ப எதுக்கு விட்டாக?”

“நீங்க சொன்னீகன்னுதான் பேப்பர்ல போட்டாக” என்று என்னையே திருப்பிப் பார்த்தான். அவனுக்கும் என் மேல் சந்தேகம் இருந்தது தெரிந்தது.

நான் மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். அவனே மேலே பேசினான்.

“அவர் இன்னும் ஒரு வருசம் இருந்திருந்தாருன்னா ஒண்ணு நான் தோத்திருப்பேன், இல்ல அவர் தோத்திருப்பாரு. ரெண்டுல எது நடந்திருந்தாலும் எனக்குச் சரிதேன். நான் அஞ்சு வாட்டி ஜெயிச்சேன். எவன் கிட்டச் சொன்னாலும், சுந்தர்ராஜ் இல்லாத எடத்துல ஜெயிச்சவன்தானேங்குறான். எனக்கு விடத் தெரியல, அவருக்குத் தெரிஞ்சுது. அம்புட்டுத்தேன் வித்தியாசம்.”

“ஞாயித்துக்கிழமை சும்மா காட்சிதானே?”

“காட்சிதேன். ஆனா கையில கிளவுஸ் ஏறிருச்சுன்னா காட்சியெல்லாம் மறந்துபோகும்க்கா. பத்து வருசமாக் காத்துக்கிட்டு இருக்கேன்.”

நான் எழுந்தேன். அவன் வாசல் வரை வந்தான். திடீரென்று ஏதோ ஞாபகம் வந்தவனாகச் சொன்னான்.

“ஒண்ணு மட்டும் எனக்கு இன்னமும் வெளங்கல. கடைசி வருசம் பழகுறப்ப, என் வலது கை அடி மட்டும் அவர் மேல சுளுவா விழும். மித்த எந்த அடியும் விழாது. அது மட்டும் விழும். வர்றது தெரியாத மாதிரி நிப்பாரு. ஞாயித்துக்கிழமையும் அந்தக் கையத்தேன் நம்பியிருக்கேன்.”

எதிரே நிற்கிறவனின் வலது கை வருவது இவருடைய இடது பக்கத்தில். பஸ்ஸில் உட்கார்ந்து இதைக் கை விரித்துப் பார்த்துத்தான் தெளிவு பண்ணிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

தேனி வருவதற்குள் பத்து வருஷத்துக் குடித்தனம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. மேகமலை எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டச் சொன்னால் மாட்டேன் என்பார். சின்னமனூரிலிருந்து மேலே போகிற பாதை சரியில்லை என்பார். தண்ணீர் ஊற்றும்போது செம்பின் வாயை டம்ளர் விளிம்பில் தொட்டுப் பார்த்துத்தான் சாய்ப்பார். கடையில் எப்போதும் இடது பக்கம் சுவர் இருக்கிற மாதிரி உட்காருவார். கோயிலுக்குப் போகும்போது என்னை அவருக்கு வலது பக்கம்தான் நடக்க விடுவார். அதைப் பிரியம் என்று நினைத்துக்கொண்டு, ஒரு பேதை மாதிரி பத்து வருஷம் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் இடது பக்கமாகச் சத்தம் இல்லாமல் போய் நின்றேன். ஐந்து விரலையும் விரித்து அவர் இடது கண்ணுக்குப் பக்கவாட்டில் கொண்டுபோனேன். ஒரு சாண். நாலு விரல். ஒரு விரல். இமை அசையவில்லை. என் சுண்டுவிரல் அவர் கண்மயிரைத் தொடப் போகிற தூரத்தில் நின்றது. அவர் பக்கத்தைத் திருப்பினார்.

நான் ஒரு மூச்சை வேகமாக விட்டிருக்க வேண்டும். சடக்கென்று முழு முகத்தையும் திருப்பி, “என்ன?” என்றார்.

“கொசு” என்றேன்.

அடுப்படிக்குள் போய் உலைப்பானையின் முன்னால் நின்று அழுதேன். இருக்கிற கண் ஒன்றே ஒன்று. அதை எடுத்துக்கொண்டுபோய், பத்து வருஷமாகக் காத்திருக்கிறவனுக்கு முன்னால் நிறுத்தப் போகிறார். அழுகையோடு கோபமும் சரிபாதி இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், கூடப் படுத்து எழுந்திருக்கிறவளிடம் ஒரு கண்ணை மறைத்திருக்கிறாரே!

‘எனக்குத் தெரியும்’ என்று சொல்லி அன்றைக்கே முடித்திருக்கலாம். நான் சொல்லவில்லை. அவர் வாயால் வரட்டும் என்கிற வீம்பு. புதன்கிழமை சாப்பாடு போடும்போது, “உங்களுக்குக் கண்ணு எப்படி இருக்கு? எங்க அண்ணன் கண்ணாடி போட்டிருக்காக” என்றேன்.

“எனக்கென்ன, கழுகுக் கண்ணு” என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

வெள்ளிக்கிழமை, “உடம்பு சரியில்லைன்னு சொல்லி அனுப்பிச்சிரலாமே” என்றேன். வார்த்தை கொடுத்தாயிற்று என்றார். சனிக்கிழமை காலையில் கொல்லைப்புறத்தில் கையில் துணி சுற்றிக்கொண்டு, கயிற்றில் தொங்கவிட்ட உமி மூட்டையை அடித்துக்கொண்டிருந்தார். மூட்டையில் அடி விழுகிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. நான் முன்னால் போய் நின்றேன்.

“நான் நிறுத்தச் சொன்னேன்னு பேப்பர்காரக கிட்டச் சொல்லியிருக்கீக. நான் எப்பச் சொன்னேன்?”

மூட்டை ஆடிக்கொண்டே இருந்தது. அவர் கை நின்றுவிட்டது.

“அப்ப ஏதோ ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்துச்சு, சுகிர்தம்.”

“அந்தக் காரணத்துக்கு என் பேருதான் கெடச்சுதா? நெசக் காரணம் என்ன?”

அவர் என்னைப் பார்த்தார். சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். துணியை அவிழ்த்துக் கயிற்றில் போட்டுவிட்டு, கடை திறக்க நேரமாச்சு என்று போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சீனிச்சாமியின் ஆட்கள் காரில் வந்து அவரை அழைத்துக்கொண்டு போனார்கள். நான் போவதில்லை என்று இருந்தேன். போய்த் தொலையட்டும், பட்டால்தான் புத்தி வரும் என்றுகூட நினைத்தேன். மூன்று மணிக்கு மேல் வீட்டில் இருக்க முடியவில்லை. தேனி பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். என் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் அந்தச் சண்டையைப் பற்றித்தான் பேசினார்கள். “பொம்பளை பேச்சைக் கேட்டுப் பாழாப் போன ஆளுய்யா, இல்லாட்டி டெல்லி வரைக்கும் போயிருப்பாரு” என்றான் ஒருவன். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சந்தைத் திடலில் எள் போட்டால் எள் விழாது. சவுக்குக் கம்பு நட்டு, கயிறு கட்டி, பலகை அடித்து மேடை. நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போகும்போதே முதல் ரவுண்டு நடந்துகொண்டிருந்தது. பத்து வருஷத்துக்கு முன் விட்ட கை இவ்வளவு வேகமாகப் போகும் என்று நான் நினைக்கவில்லை. இவருடைய இடது கை இரண்டு தடவை முத்துவீரனின் முகத்தைப் பின்னால் தள்ளியது. ஜனம் ஆர்ப்பரித்தது. எனக்கே ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த கணம் முத்துவீரன் தன் வலது கையை வீசினான். இவர் அதைப் பார்க்கவே இல்லை. காதுக்கு மேலே விழுந்தது. இன்னொன்று கன்னத்தில் விழுந்தது. மூன்றாவதாக வந்தது புருவத்தில். இவர் தலையைக் குலுக்கி, முகத்தை முழுசாகத் திருப்பி அவனைத் தேடினார். அப்படித் தேடும்போது அந்த நல்ல கண் அவனுக்கு நேரே வந்து நின்றது. மணி அடித்துவிட்டது.

நான் எப்படி மேடைப் படி ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “எறங்குங்க” என்றேன்.

அவர் முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். புருவத்திலிருந்து ரத்தம் வந்தது. முத்துவீரன் அந்த மூலையிலிருந்து என்னையே பார்த்தான். சீனிச்சாமி கையில் மைக்கோடு ஓடிவந்தார்.

“மதினி, என்ன இது! சனம் பூராம் பாக்குது. கீழ எறங்குங்க மதினி.”

அதற்குள் கூட்டத்துக்கு நான் யார் என்று தெரிந்துவிட்டது. விசில் அடித்தார்கள். “அன்னைக்குக் கெடுத்தது பத்தாதா? இன்னைக்கும் வந்துட்டியா?” என்று ஒரு குரல். “அண்ணாச்சி, பொண்டாட்டிய வீட்டுக்கு அனுப்புங்க!” என்று இன்னொரு குரல். திடலே சிரித்தது.

என் புருஷன் எழுந்து நின்றார். வாயில் கடித்திருந்த ரப்பரை எடுத்துவிட்டு, சீனிச்சாமி நீட்டிக்கொண்டிருந்த மைக்கின் பக்கம் வந்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஜனத்தைப் பார்த்தார். கூட்டம் அடங்கியது.

“இவ...” என்று ஆரம்பித்தார்.

அந்த ஒரு வார்த்தைதான். அடுத்த வார்த்தை வருவதற்குள் எனக்குள் ஏதோ தீப்பிடித்தது. மறுபடியும் என் பெயரைச் சொல்லித் தப்பிக்கப் போகிறாரோ? இத்தனை பேர் முன்னால், நானே பக்கத்தில் நிற்கும்போது? அதை என்னால் இன்னொரு தடவை அவர் வாயிலிருந்து கேட்க முடியாது. பழி வரத்தான் போகிறது என்றால் என் வாயிலிருந்தே வரட்டும். மைக்கைப் பிடுங்கினேன்.

“ஆமா, நான்தேன் நிறுத்துனேன்! அன்னைக்கும் நான்தேன், இன்னைக்கும் நான்தேன். எனக்குப் புருசன் வேணும், உங்களுக்கு வேடிக்கை வேணும். எம் புருசனை நான் கூட்டிட்டுப் போறேன். யாருக்கு என்ன?”

என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் பேசினதில்லை. நாலு ஒலிபெருக்கியிலும் அது போய்த் திரும்பி வந்தது. யாரோ செருப்பை வீசினார்கள், அது மேடைக்கு வரவில்லை. அவர் குனிந்து கயிற்றுக்கு வெளியே வந்தார். முத்துவீரன் கிளவுஸைக் கழற்றிப் பலகையில் அடித்தான். இந்தத் தடவையும் அவனுக்குக் கிடைக்கவில்லை. அவனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பாவமாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டு, வெந்நீர் வைத்து, அவர் புருவத்தைத் துடைத்து மஞ்சள் அப்பினேன்.

“இடது கண்ணு எப்பப் போச்சு?” என்று கேட்டேன்.

அவர் திடுக்கிடவில்லை. பெரிய மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

“அறுபத்தேழு பைனல்ல பட்ட அடி. ரெண்டு மாசத்துல மங்கலாப்போயி, அப்புறம் சுத்தமா இருட்டாயிருச்சு.”

எனக்குக் கணக்கு உதைத்தது. “அறுபத்தெட்டுல பட்டம் வாங்கினீகளே?”

“ஒத்தக் கண்ணோடதான் வாங்குனேன்.”

“டாக்டர் பாக்கலையா?”

“பாத்தாரு. போட்டிக்கு முன்னால எல்லாரையும் வரிசையா நிறுத்தி, ஒவ்வொரு கண்ணா மூடிக்கிட்டு எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லுவாரு. எடை கொறஞ்சவன் முதல்ல. ஹெவிவெயிட் கடைசி. எனக்கு முன்னால நாப்பது பேரு அதே எழுத்த சத்தமாப் படிச்சானுக. கேட்டுக்கிட்டே நின்னேன். மனப்பாடம் ஆயிருச்சு.”

அவர் அதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒற்றைக் கண்ணோடு ஜெயித்தது ஊர் சொல்கிற எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம். அதை வெளியே சொன்னால் அடுத்த நிமிஷம் பட்டம் போய்விடும், ஏமாற்றுக்காரன் என்ற பெயரும் வரும். அடுத்த வருஷம் பலகையை மாற்றிவிட்டால் அகப்பட்டுக்கொள்வார். அதனால் அதற்கு முன் விட்டுவிட வேண்டும். விடுவதற்கு யாரும் கேள்வி கேட்காத ஒரு காரணம் வேண்டும். அந்த நேரத்தில் சபையில் என் பெயரை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப இன்னைக்கு எதுக்கு ஏறுனீக?”

“போன மாசம் சபை அசன விருந்துல உன் காதுபடவே பேசுனாக. சாம்பியனை நிறுத்தினவ சோறு போடுறா, பாத்து வாங்குங்கன்னாக. நீ கேக்காத மாதிரி கரண்டியப் புடிச்சுக்கிட்டு நின்ன. ஒரு தடவ ஏறி எறங்கிட்டா அந்தப் பேச்சு ஒழிஞ்சிரும்னு நெனச்சேன்.”

“அது மட்டுந்தானா?”

புருவத்து மஞ்சளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஆசையும்தான்” என்றார்.

அந்த ஆசையை நான் நம்பினேன். முன்னால் சொன்னதைப் பாதி நம்பினேன். அப்புறம்தான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“மைக்கைப் பாத்து ‘இவ’ன்னு ஆரம்பிச்சீக. நான் கத்தாம இருந்திருந்தா மேல என்ன சொல்லியிருப்பீக?”

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

“இவ ஒண்ணும் சொல்லல, என் கண்ணுதான் போச்சுன்னு சொல்லத்தான் வாயத் தெறந்தேன். நீ விடல.”

இதற்கு மேல் ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்? அழுதிருக்க வேண்டும். நான் அழவில்லை. “பத்து வருசமா ஒரு வீட்டுக்குள்ள இருந்தேன். அந்த வாயை எங்கிட்டதானே மொதல்ல தெறந்திருக்கணும்” என்றேன்.

இப்போது எண்பத்தாறாம் வருஷம். அந்த ஒற்றைக் கண் நன்றாக இருக்கிறது, பொடி எழுத்துகூடப் படிக்கிறார். ஊரில் கதை இன்னும் வளர்ந்துவிட்டது. நான் அவரை இரண்டு தடவை நிறுத்தியவள். இரண்டாம் தடவை நிறுத்தாமல் இருந்திருந்தால் முத்துவீரனைத் தூக்கிக் கம்பம் ஊர் வரைக்கும் எறிந்திருப்பார் என்கிறார்கள். அதையெல்லாம் நான் பொருட்படுத்துவதில்லை. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று அவர் உறுதியாகத்தான் சொல்கிறார், கேட்கும்போதெல்லாம் ஒரே பதில். நான் எத்தனையோ தடவை அந்தத் திடலுக்குத் திரும்பிப் போய், அந்த ‘இவ’வுக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு நின்று பார்க்கிறேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் அடுத்த வார்த்தை என்ன என்று எனக்குத் தெரிந்திருக்கும். தோற்றிருப்பாரோ ஜெயித்திருப்பாரோ, நான்தான் நிறுத்திவிட்டேன்.